ஷூர் எம்எக்ஸ்ஏ 920 கூரை மைக்: காது கூர்மைதான், ரெஃபரன்ஸ் உங்கள் பொறுப்பு

கான்ஃபரன்ஸ் காலில் "நான் பேசுவது எனக்கே திரும்பிக் கேட்கிறது" என்று ஒருவர் சொன்னால், கோளாறு அவர் அறையில் இருக்க வாய்ப்புக் குறைவு. அவர் குரல் மறுமுனை ஸ்பீக்கரில் ஒலிக்கிறது, அங்குள்ள மைக் அதைப் பிடிக்கிறது, திரும்ப அவருக்கே அனுப்பிவிடுகிறது. எக்கோவை உண்டாக்குகிற அறையில் இருப்பவர்களுக்கு அது கேட்பதே இல்லை. "எங்களுக்கு எல்லாம் தெளிவாகத்தானே இருக்கிறது" என்று அவர்கள் சொல்வதில் பொய்யும் இல்லை. ஆனால் கை வைக்க வேண்டிய இடம் அங்கேதான்.

எம்எக்ஸ்ஏ 920 பற்றி எழுதுமுன் இதைச் சொல்லக் காரணம், இந்த மைக்கை வாங்கினால் எக்கோ ஒழிந்துவிடும் என்கிற நம்பிக்கை பரவலாக இருப்பது. எக்கோவை அழிக்கும் வசதி மைக்குக்குள்ளேயே இருக்கிறது, உண்மை. ஆனால் எதை அழிக்க வேண்டும் என்று அதற்கு யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும். ரெஃபரன்ஸ் என்கிற அந்த ஒரு இணைப்பைத் தவறவிட்டால் எவ்வளவு உயர்ந்த மைக்காக இருந்தாலும் பயனில்லை.

முதலில் பொருள். 2016இல் வந்த எம்எக்ஸ்ஏ 910இன் அடுத்த தலைமுறையாக 2022இல் ஷூர் இதை வெளியிட்டது. சதுரம், வட்டம் என்று இரண்டு வடிவங்கள். சதுர மாடல் 60 சென்டிமீட்டர் கூரைச் சட்டத்தில் ஓர் ஓடு போலப் பொருந்திவிடும். பின்னால் ஒரே ஓர் ஈத்தர்நெட் போர்ட்; மின்சாரம், ஆடியோ, கட்டுப்பாடு மூன்றும் அதே கேபிளில். ஆடியோ, நெட்வொர்க் கேபிளில் ஒலியை அனுப்பும் டான்டே நெறிமுறையில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எக்கோ கேன்சலர், இரைச்சல் குறைப்பு, ஆட்டோமிக்ஸர் (பேசுபவர் பக்கத்தை மட்டும் திறந்துவைப்பது), தானியங்கி கெயின் (குரல் அளவைத் தானே சமப்படுத்துவது), கம்ப்ரசர், ஈக்யூ எல்லாம் இன்டெலிமிக்ஸ் என்ற பெயரில் உள்ளேயே ஓடுகின்றன. ஆக, சிறிய அறைக்கு ஒலியைச் செயலாக்கும் தனி டிஎஸ்பி பெட்டி தேவையில்லை. இந்த மைக், டான்டேயை யூஎஸ்பியாக மாற்ற ஏஎன்ஐ யூஎஸ்பி மேட்ரிக்ஸ் போன்ற ஒரு சிறு பெட்டி, நெட்வொர்க்கில் ஓடும் ஸ்பீக்கர்கள், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் நல்ல பிஓஇ ஸ்விட்ச் ஒன்று. இவ்வளவுதான் கணக்கு.

ஒரே போர்ட் என்பதில் ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது. டான்டேயில் வழக்கமாகப் பேசப்படும் இரட்டைப் பாதைப் பாதுகாப்பு இங்கே கிடையாது. அந்த ஒரு கேபிள் போனால் குரலும் போச்சு, மைக்கும் அணைந்தது.

கவரேஜ்: 9 மீட்டர் என்பதை எப்படிப் படிப்பது

910இல் 8 லோப்களை, அதாவது மைக் ஒரு திசையை நோக்கிக் கேட்கும் கற்றைகளை, ஒவ்வொன்றாக இழுத்து நாற்காலிகளுக்கு நேராக நிறுத்த வேண்டியிருந்தது. மேசையை யாராவது நகர்த்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து. 920இல் அந்த வேலை போய்விட்டது. ஷூரின் டிசைனர் மென்பொருளில் ஒரு பகுதியைக் கட்டம் போட்டுக் காட்டினால் போதும், அதற்குள் யார் எங்கே பேசினாலும் மைக் தானே தேடிப் பிடிக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதும் 9க்கு 9 மீட்டர் பகுதி தயாராக இருக்கும். அதை 8 பகுதிகள் வரை பிரிக்கலாம். மேடை, போடியம் மாதிரி ஒருவர் நிலையாக நின்று பேசும் இடத்துக்கு 1.8 மீட்டர் சதுரமான நிலைப் பகுதி ஒன்றைத் தனியே வைக்கலாம். அது அந்த இடத்தைவிட்டுக் கண்ணெடுக்காது. பழைய முறை பிடித்தவர்கள் தானியங்கியை அணைத்துவிட்டு 8 லோப்களையும் கையால் திருப்பிக்கொள்ளலாம். அப்போது ஒவ்வொரு லோபுக்கும் தனி டான்டே சேனல் கிடைக்கும். தானியங்கியில் ஆட்டோமிக்ஸ் சேனல் ஒன்றுதான்.

பேசுபவர்கள் வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரிவது இந்த மென்பொருளின் மிகப் பயனுள்ள வசதி. நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். புள்ளி அவர் இருக்கும் இடத்தில் விழாமல் எதிர்ச் சுவர்ப் பக்கம் விழுந்தால், கண்ணாடிச் சுவரின் பிரதிபலிப்பை மைக் பிடிக்கிறது என்று பொருள். கூரை உயரத்தைத் தப்பாகக் கொடுத்திருந்தாலும் புள்ளி இடம் மாறி நிற்கும். இரண்டில் எது என்று பார்க்க ஒரு அளவு நாடா போதும்.

இப்போது அந்த 9 மீட்டர். கூரை 2.7 மீட்டர் உயரம், உட்கார்ந்திருப்பவரின் வாய் தரையிலிருந்து 1.2 மீட்டர் என்று வைத்தால், மைக்குக்கு நேர்கீழே இருப்பவர் 1.5 மீட்டர் தூரத்தில் இருக்கிறார். 9 மீட்டர் சதுரத்தின் மூலையில் இருப்பவரோ சுமார் 6.5 மீட்டர். நேராக வந்து சேரும் குரல் மட்டும் இந்த இருவருக்கும் இடையே 13 டெசிபல் அளவுக்குக் குறைகிறது. கெயினை ஏற்றி அதை ஈடுகட்டலாம்தான், ஆனால் அறையின் முழக்கமும் கூடவே ஏறும்.

முழக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 8க்கு 6 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம், அதாவது 144 கன மீட்டர். முழக்க நேரம், அதாவது சத்தம் நின்றபின் அறையின் எதிரொலி அடங்க எடுக்கும் நேரம், 0.6 வினாடி என்றால், எல்லாத் திசையையும் ஒன்றுபோலக் கேட்கும் சாதா மைக்குக்கு நேர்குரலும் முழக்கமும் சமமாகிவிடும் தூரம் ஏறக்குறைய 0.9 மீட்டர்தான். அதே அறை வெறும் கண்ணாடியும் டைல்ஸுமாக இருந்து முழக்க நேரம் 1.2 வினாடியானால் 0.6 மீட்டர். மைக்கின் திசைக்கூர்மை 10 மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் தூரம் 3 மடங்குக்குச் சற்று மேல்தான் நீளும், ஏனென்றால் கணக்கில் வருவது வர்க்கமூலம். எனவே 9 மீட்டர் என்பதை "குரல் வரும்" என்று படிக்கலாம், "தெளிவாக வரும்" என்று படிக்கக் கூடாது. முழக்கம் 0.5 வினாடிக்குக் கீழே உள்ள, கம்பளம் விரித்த அறையில் இந்த எண்ணை நம்பலாம். எதிரொலிக்கும் அறையில் மூலையில் இருப்பவர் குளியலறைக்குள்ளிருந்து பேசுவதுபோல்தான் கேட்பார். அங்கே இரண்டாவது மைக் வாங்கும் பணத்தில் பாதிக்கு ஒலி உறிஞ்சும் பலகைகளைச் சுவரில் அடிப்பது புத்திசாலித்தனம்.

இரண்டு மைக் கட்டாயம் வேண்டும் என்றால், இரண்டின் ஆட்டோமிக்ஸையும் சும்மா கூட்டிவிடாதீர்கள். ஒன்றின் ஆட்டோமிக்ஸருக்கு மற்றது என்ன செய்கிறது என்று தெரியாது. இரண்டும் திறந்தே இருந்தால் இரைச்சல் 3 டெசிபல் ஏறும். பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் பேசுபவரின் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் குடையும். பகுதிகளைத் தொடாமல் பிரித்து வரைந்து, இரண்டையும் மேலே ஒரு டிஎஸ்பியில் சேர்ப்பதே முறை.

தாழ்ந்த ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 300 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஒரு மீட்டருக்கு மேல், மைக்கின் அகலமோ 0.6 மீட்டர். அந்த அளவுள்ள எந்த மைக் அணியும் தாழ்ந்த ஒலிகளில் திசை பிரித்துக் கேட்க முடியாது. ஏசியின் "உம்ம்ம்" எங்கிருந்து வந்தாலும் உள்ளே வரும். ஈக்யூவில் 120 ஹெர்ட்ஸ் பக்கம், அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் லோகட் ஒன்று போட்டுவிடுங்கள், குரலுக்கு அதனால் நஷ்டமில்லை. ஏசி வென்ட் நேரே மைக்கின் மேல் ஊதுகிற இடத்தில் மட்டும் மாட்டவே வேண்டாம். காற்று உரசும் சத்தத்தை எந்த ஃபில்டரும் முழுதாக எடுக்காது.

நெட்வொர்க்: அலைவரிசைக்குப் பஞ்சமில்லை, கடிகாரத்துக்குத்தான்

4 சேனல் கொண்ட ஒரு டான்டே ஃப்ளோ (ஒரு சாதனம் அனுப்பும் ஒலி ஓடை) சுமார் 6 மெகாபிட் எடுக்கும். ஜிகாபிட் ஸ்விட்சில் இது தூசு. பிரச்சினை எப்போதும் நேரத்தில். எல்லாச் சாதனங்களும் ஒரே கடிகாரத்துக்குத் துல்லியமாக ஓட வேண்டும். அந்தக் கடிகாரப் பொட்டலம் கொஞ்சம் தாமதித்தாலும் டிக் டிக்கென்று சத்தம், பிறகு மௌனம்.

அதனால் ஸ்விட்சில் முதலில் அணைக்க வேண்டியது மின்சேமிப்பு ஈத்தர்நெட். 802.3ஏஇசட் என்றோ பசுமை ஈத்தர்நெட் என்றோ மெனுவில் இருக்கும். போர்ட் சற்று ஓய்ந்ததும் தூங்கி விழித்து, கடிகாரத்தைக் கெடுப்பது இதன் குணம். அடுத்து சேவைத் தர வரிசை: டிஎஸ்சிபி என்ற முன்னுரிமைக் குறியில் 56 எனக் குறியிட்டு வரும் கடிகாரப் பொட்டலங்களுக்கு முதலிடம், 46 எனக் குறியிட்ட ஆடியோவுக்கு அடுத்த இடம், மற்றதெல்லாம் பிறகு. சில ஸ்விட்சுகள் ஐபி தொலைபேசியை மனதில் வைத்து 46க்கு முதலிடம் தந்து அனுப்பப்படுகின்றன. அதை மாற்றாமல் விட்டால் ஆடியோ கடிகாரத்தை இடித்துத் தள்ளும்.

ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் தனிக் கதை. பலருக்குப் போகும் பொட்டலத்தைக் கேட்டவர்களுக்கு மட்டும் ஸ்விட்ச் அனுப்புவது அது; யார் யார் கேட்கிறார்கள் என்று அவ்வப்போது விசாரிப்பது குவெரியர். ஸ்னூப்பிங்கை இயக்கிவிட்டு, குவெரியர் எங்கும் இல்லாமல் விட்டால், எல்லாம் போட்டதும் அழகாக ஓடும். சுமார் 4 நிமிடம் கழித்துக் கடிகாரம் அறுந்து ஆடியோ நிற்கும். குழு உறுப்பினர் பட்டியலை யாரும் புதுப்பிக்காததால், ஸ்விட்ச் 260 வினாடியில் அவர்களை நீக்கிவிடுவதுதான் காரணம். இதில் குழப்புவது என்னவென்றால், இணைப்புகளைக் காட்டும் டான்டே கன்ட்ரோலர் மென்பொருளில் சாதனங்கள் எல்லாம் அப்போதும் தெரியும், ஏனெனில் பெயர் கண்டுபிடிக்கும் பொட்டலங்கள் ஸ்னூப்பிங்குக்குக் கட்டுப்படாத முகவரியில் போகின்றன. "தெரிகிறது, ஆனால் சத்தமில்லை" என்றால் குவெரியரைத் தேடுங்கள். ஒவ்வொரு விலேனுக்கும் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) ஒரு குவெரியர் இருக்க வேண்டும்.

மைக் ஒன்றுதான், ஆனால் அது இரண்டு ஐபி முகவரி எடுத்துக்கொள்ளும்: ஷூர் கட்டுப்பாட்டுக்கு ஒன்று, டான்டேக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி மேக் முகவரி (வன்பொருள் அடையாள எண்). போர்ட்டுக்கு ஒரே மேக் என்று பாதுகாப்பு விதி போட்ட அலுவலக ஸ்விட்சில் இரண்டில் ஒன்று வெளியே நிற்கும். டிசைனரில் மைக் தெரியும், டான்டே கன்ட்ரோலரில் தெரியாது, அல்லது தலைகீழாக. ஐடி பிரிவிடம் முகவரி கேட்கும்போதே இரண்டு என்று கேட்டு வாங்குங்கள்.

மின்சாரத்துக்கு 802.3ஏஎஃப் போதும். கிளாஸ் 0 என்பதால் ஸ்விட்ச் அதற்கு 15.4 வாட் ஒதுக்கும் என்று கணக்குப் போட்டு, ஸ்பீக்கர்களையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். கேபிள் கேட் 5இ அல்லது மேல், 100 மீட்டருக்குள். தாமத அமைப்பு 1 மில்லிவினாடியில் இருக்கட்டும். நடுவில் பல ஸ்விட்சுகள் இருந்தால் 2 ஆக்குங்கள். அழைப்பின் மொத்தத் தாமதம் ஒரு திசையில் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக ஓடும் என்பது ஐடியூ என்ற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. அதில் இந்த 1 மில்லிவினாடியை மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஃப்ளோ எண்ணிக்கை பலர் விழும் குழி. யூஎஸ்பி பெட்டியிலிருந்து மறுமுனைக் குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்குப் போகிறது, மூன்றாவதாக மைக்கின் ரெஃபரன்ஸுக்கும் போக வேண்டும். டான்டேயில் சாதாரண ஃப்ளோ ஒன்று ஒரு சாதனத்துக்கு மட்டுமே போகும். சிறிய டான்டே சிப் பொருத்திய பெட்டிகளில் வெளியே அனுப்பும் ஃப்ளோக்கள் 2 என்கிற அளவுக்குக் குறைவாக இருக்கும். ஸ்பீக்கர்களை முதலில் இணைத்துவிட்டால் மூன்றாவதாக வரும் ரெஃபரன்ஸுக்கு இடமிருக்காது. அறையில் சத்தம் கேட்கும், எல்லாம் சரியென்று தோன்றும், மறுமுனையில் மட்டும் எக்கோ. அந்தச் சேனலைப் பலருக்கும் ஒரே நேரத்தில் போகும் மல்டிகாஸ்ட் ஃப்ளோவாக மாற்றினால் எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது மேலே சொன்ன குவெரியர் கட்டாயம்.

ரெஃபரன்ஸ்: எல்லாம் இதில்தான்

எக்கோ கேன்சலர் செய்வது கழித்தல். ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு, அது அறையில் மோதி மைக்குக்கு எப்படி வந்து சேரும் என்று கணித்து, மைக் கேட்டதிலிருந்து கழிக்கிறது. 920இல் இந்தப் பிரதிக்கென்றே ஒரு டான்டே உள்ளீடு இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போவது எதுவோ அதுதான், முழுதாக, அதில் வர வேண்டும். அதில் இருக்கக்கூடாதது ஒன்றே ஒன்று: இதே மைக்கின் குரல்.

மீட்டரைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். மறுமுனையில் ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு ரெஃபரன்ஸ் மீட்டரைப் பாருங்கள். அசையவில்லை என்றால் ரெஃபரன்ஸ் வரவில்லை; எக்கோ முழுதாகப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது மறுமுனையை மௌனமாக்கிவிட்டு நம் அறையில் பேசுங்கள். மீட்டர் அசைந்தால் மைக் ஒலி எங்கோ சுற்றி ரெஃபரன்ஸுக்குள் நுழைந்திருக்கிறது. அப்போது கேன்சலர் நம் ஆளின் குரலையே எக்கோ என்று நினைத்துக் கழிக்கும். மறுமுனையில் குரல் தேய்ந்தும் விழுங்கியும் கேட்கும். பெரும்பாலும், எந்த உள்ளீடு எந்த வெளியீட்டுக்குப் போகும் என்று புள்ளி வைக்கும் மேட்ரிக்ஸில் தேவையில்லாத ஒரு புள்ளியை யாரோ தொட்டிருப்பார்கள்.

ரெஃபரன்ஸ் மீட்டர் அசையாததற்கு முதல் காரணம் மைக்கிலோ ஸ்விட்சிலோ இருப்பதில்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது. சந்திப்பு மென்பொருளில் மைக்காக யூஎஸ்பி பெட்டியையும் ஸ்பீக்கராக டிவியின் எச்டிஎம்ஐயையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். குரல் கம்ப்யூட்டரிலிருந்து நேரே டிவிக்குப் போய்விடுகிறது, டான்டே பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே சாதனத்தைத் தேர்ந்தெடுங்கள். டிவியை எழுப்பியதும் விண்டோஸ் தானாக எச்டிஎம்ஐக்குத் தாவும் பழக்கமும் உண்டு. சவுண்ட் அமைப்பில் அந்த டிவி வெளியீட்டை முடக்கிவிட்டால் நிம்மதி.

டிவி ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும் என்றால் வேறு இரண்டு சிக்கல். ஒன்று, டிவி படத்தோடு ஒலியைச் சேர்க்கத் தன் பங்குக்குத் தாமதிக்கும். 920இன் கேன்சலர் 250 மில்லிவினாடி வரைதான் பின்னோக்கிப் பார்க்கும். டிவி அதில் 150ஐ விழுங்கிவிட்டால் அறையின் முழக்கத்துக்கு 100தான் மிச்சம். புளூடூத் ஸ்பீக்கரில் இது இன்னும் மோசம், தாமதமே நிலையாக இருக்காது. மற்றது, ரிமோட். ஒலி அளவை ரெஃபரன்ஸுக்கு முன்னால் மாற்றினால் பிரதியும் கூடவே மாறும், கேன்சலர் கவலைப்படாது. ரெஃபரன்ஸுக்குப் பின்னால், அதாவது டிவி ரிமோட்டிலோ ஆம்ப்ளிஃபயர் குமிழியிலோ திருகினால், கணித்து வைத்ததெல்லாம் வீண். ஒவ்வொரு திருகலுக்கும் சில வினாடி எக்கோ போகும். ஆம்ப்ளிஃபயரை ஓர் அளவில் நிறுத்திப் பூட்டிவிட்டு, பயன்படுத்துபவர் தொடும் ஒலிக் கட்டுப்பாட்டை முன்பக்கம் வையுங்கள்.

கழித்தல் கணக்கு நேர்கோட்டில்தான் செல்லுபடியாகும். ஸ்பீக்கர் கரகரத்தால் அந்தக் கரகரப்பு ரெஃபரன்ஸில் இல்லை, கழிக்கவும் முடியாது. அதிர்ந்து கடகடக்கும் கூரை ஓடும் அப்படித்தான். இருக்கையில் 65 முதல் 70 டெசிபல் வந்தால் போதும். அதற்குமேல் ஏற்றுவது எக்கோவை வலிந்து அழைப்பது. மைக்குக்கு ஒரு மீட்டரில் கூரை ஸ்பீக்கர், மூன்று மீட்டரில் பேசுபவர் என்று அமைத்தால், மைக்கின் காதில் ஸ்பீக்கர்தான் பெரியவர். இருவரும் சேர்ந்து பேசும்போது நம் ஆள் காணாமல் போவார். ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்கள், கவரேஜ் பகுதிக்குள் டிவியும் ஸ்பீக்கரும் விழாமல் வரையுங்கள்.

இரட்டைக் கேன்சலும் ஆகாது. மைக் ஏற்கெனவே சுத்தம் செய்து அனுப்புவதைச் சந்திப்பு மென்பொருள் இன்னொரு முறை சலித்தால் சொற்களின் நுனி உதிரும். எக்கோ கேன்சல் செய்யும் ஸ்பீக்கர்ஃபோன் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் யூஎஸ்பி சாதனமாக இருந்தால் மென்பொருள் பெரும்பாலும் தானே ஒதுங்கிக்கொள்ளும். விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் உள்ள "மேம்பாடுகள்" என்ற வகையறாவை எப்படியும் அணைத்துவிடுங்கள்.

கேன்சலருக்குக் குறைவு, நடு, அதிகம் என மூன்று நிலைகள். நடுவில் தொடங்குங்கள். ஒலிச் சீரமைப்புச் செய்த அறையில் குறைவுக்கு இறக்கினால் இருவர் சேர்ந்து பேசுவது இன்னும் இயல்பாக வரும். அதிகம் என்பது கண்ணாடி அறைக்கான கடைசி மருந்து. எக்கோவோடு பேச்சையும் கொஞ்சம் கடிக்கும். பலர் முதலிலேயே அதற்குப் போவதற்குக் காரணம், ரெஃபரன்ஸ் தப்பாக இருக்கும்போதும் அது எக்கோவைக் கொஞ்சம் அமுக்கிக் காட்டுவதுதான். இரைச்சல் குறைப்பும் அப்படியே. தானியங்கி கெயினின் இலக்கு –37 டிபிஎஃப்எஸ்ஸில் (டிஜிட்டல் உச்சத்திலிருந்து இறங்கி எண்ணும் டெசிபல்) தொடங்கட்டும். மங்கிய குரலைத் தூக்க முதலில் கெயினைச் சரிசெய்யுங்கள். தானியங்கி கெயினிடம் விட்டால், கேன்சலர் மிச்சம் வைத்த எக்கோவையும் அது சேர்த்தே தூக்கும்.

மியூட் எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம். கேன்சலருக்கு முன்னால் மைக்கையே அடைத்தால், மியூட் நேரத்தில் அது எதையும் கற்காது. மியூட்டை எடுத்த முதல் ஓரிரு வினாடி மறுமுனைக்கு எக்கோ. கேன்சலருக்குப் பின்னால் மியூட் செய்யுங்கள்.

ஒப்படைக்குமுன் சோதனை

மறுமுனையில் சோதிப்பவர் ஹெட்செட் போட்டிருக்க வேண்டும். அவர் ஸ்பீக்கரில் கேட்டால் எக்கோ எந்தப் பக்கம் பிறக்கிறது என்றே சொல்ல முடியாது. அவர் மட்டும் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணட்டும், நம் அறை மௌனமாக இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று எண்களில் மெல்லிய எக்கோ வந்து மறைந்தால் கேன்சலர் கற்றுக்கொள்கிறது, சரி. கடைசிவரை இருந்தால் ரெஃபரன்ஸுக்குத் திரும்புங்கள். ஒரு நிமிடம் கேன்சலரை அணைத்து எக்கோ எவ்வளவு பெரிதென்று கேட்டுவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டிலும் வித்தியாசமே இல்லை என்றால் அது வேலையே செய்யவில்லை.

அடுத்து இருவரும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள், அவர் ஏறுவரிசையில், நீங்கள் இறங்குவரிசையில். உங்கள் எண்களில் எதெது அவருக்கு விழவில்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். ஓரிரண்டு போனால் பரவாயில்லை. பாதி போனால் ஸ்பீக்கர் சத்தம் அதிகம் அல்லது கேன்சலர் நிலை அதிகம்.

தெளிவைச் சோதிக்க எண்கள் போதாது. வலி, வழி, வளி, அரை, அறை, கொல், கொள் என்று கலந்து வாசியுங்கள், மறுமுனை எழுதிக்கொள்ளட்டும். வாக்கியத்தில் இவற்றை மூளை தானே நிரப்பிக்கொள்ளும், தனிச் சொல்லாக வந்தால் காது மட்டும்தான் துணை. அரை, அறை இரண்டையும் நேரில் பேசும்போதே பலர் ஒன்றாகச் சொல்வார்கள். அந்தத் தோல்வியை மைக்கின் தலையில் கட்டாதீர்கள். வழியும் வலியும் ஒன்றாகிப்போனால் மட்டும் இரைச்சல் குறைப்பை ஒரு படி இறக்கிவிட்டு மறுபடி வாசியுங்கள். இதை அறையின் நடு நாற்காலியிலும், மிகத் தள்ளிய மூலையிலும், வென்ட்டுக்குக் கீழேயும் செய்ய வேண்டும். ஏசி ஓடிக்கொண்டிருக்கட்டும்.

யாருக்குப் பொருந்தும் என்றால், மேசை நாற்காலி அடிக்கடி இடம் மாறுகிற, முழக்கம் அடங்கிய, நடுத்தர அறைக்கு. அந்த வகையில் 910இலிருந்து இது உண்மையான முன்னேற்றம். லோப் வரையும் நேரம் மிச்சம், டிஎஸ்பி பெட்டி மிச்சம். ஏற்கெனவே பெரிய டிஎஸ்பி இருக்கும் இடத்தில் சென்ஹைசரின் டீம்கனெக்ட் சீலிங் 2ஐயும் பார்க்கலாம். 28 மைக் காப்ஸ்யூல்கள், பேசுபவரைத் தானே தொடரும் கற்றை. ஆனால் எக்கோ கேன்சலர் அதனுள் இல்லை, டிஎஸ்பிதான் செய்ய வேண்டும். நான்கைந்து பேர் உட்காரும் சிற்றறைக்கு 920 அதிகப்படி. மேசைமேல் வைக்கும் எம்எக்ஸ்ஏ 310 வாய்க்கு அருகிலேயே இருக்கும். அருகாமையை எந்த டிஎஸ்பியாலும் ஈடுசெய்ய முடியாது. பேப்பர் சலசலப்பும் பேனா தட்டலும் கூடவே வரும் என்பது அதன் விலை.

வாங்கி மாட்டியபின் ஒரு வேலை பாக்கி. டான்டே இணைப்புகள் ஐபி முகவரியை வைத்து ஓடுவதில்லை, சாதனத்தின் பெயரையும் சேனலின் பெயரையும் வைத்து ஓடுகின்றன. யாராவது நல்லெண்ணத்தில் மைக்குக்கு "போர்டு ரூம்" என்று பெயர் மாற்றினால் அந்த நொடியே இணைப்பு அறுந்துவிடும். பெயர்களை முதல் நாளே முடிவுசெய்து, டான்டே கன்ட்ரோலரில் பிரீசெட்டாகவும் டிசைனரில் திட்டக் கோப்பாகவும் சேமித்து, பிரதி ஒன்றை அறைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். மைக் பழுதாகிப் புதிது வந்தால் அதற்கும் பழைய பெயரையே எழுத்துப் பிசகாமல் வையுங்கள், இணைப்புகள் தாமாகவே திரும்பிவிடும். உள்ளமைப்புகளைக் கோப்பிலிருந்து ஏற்றிவிட்டு, ரெஃபரன்ஸ் மீட்டரை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.